வேட்கை என்னும் அலை



தொட்டிற் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். 22 ஆண்டுகள் சிகரெட்டுக்கு அடிமையாயிருந்தவன் நான். கல்லூரி விடுதியில், நண்பர் கூட்டத்தில் தனித்து நிற்க நாணி, முதல் சிகரெட்டைப் பற்ற வைத்தேன். பின்னர் எத்தனையோ முறை அதை விட்டொழிக்கச் சூளுரைத்தேன். பெட்டியைக் கசக்கிச் சாக்கடையில் எறிந்தேன். மறுநாட் காலையில் கடை திறக்கும் முன்பே அதன் வாயிலில் நின்றேன். 'உனக்கு மன உறுதி இல்லை' என்றனர் உற்றார். நானும் அவ்வாறே நம்பினேன். அந்த எண்ணம் தவறு என்பதைச் சொல்லவே இன்று உங்களோடு பேசுகிறேன்.

வேட்கை எழும்போது நாம் செய்வன பெரும்பாலும் இரண்டே. ஒன்று, அதற்குப் பணிந்து விடுகிறோம். இன்றேல் பல்லைக் கடித்துக்கொண்டு அதனோடு போரிடுகிறோம். குரங்கை நினையாமல் மருந்து குடிக்கச் சொன்னால் என்ன ஆகும்? குரங்கே முன்வந்து நிற்கும். போரிடுவோரின் நிலையும் அதுவே.

மூன்றாவது வழி ஒன்று உண்டு. அமெரிக்காவில் சியாட்டில் நகரத்து வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் உளவியற் பேராசிரியராக விளங்கிய ஆலன் மார்லட், வேட்கையைக் கடலலைக்கு ஒப்பிட்டார். அலை எழும்; உச்சியை எட்டும்; பின்னர்த் தானே தணியும். அதை எதிர்த்து நிற்பவனை அது புரட்டித் தள்ளுகிறது. பலகையின்மீது நின்று அதனோடு செல்பவனோ கரை சேர்கிறான்.

அலையின்மேல் நிற்பது எப்படி? என் மருத்துவ நண்பர் ஒருநாள் என்னைக் கேட்டார்: "உமக்கு இப்போது புகைக்க வேண்டும் போலிருக்கிறதே, அந்த ஆசை உம் உடம்பில் எங்கே இருக்கிறது?" எனக்கு விடை தெரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு தேடினேன். தொண்டையில் ஒரு வறட்சி; மார்பில் ஓர் இறுக்கம்; வலக்கை விரல்களில் ஒரு துடிப்பு. அவற்றை விரட்டவும் முயலவில்லை. அவற்றுக்கு இணங்கவும் இல்லை. மூச்சு வந்து போவதை உணர்ந்தவாறே பார்த்துக்கொண்டிருந்தேன். இறுக்கம் மிகுந்தது, பின் குறைந்தது. கண் திறந்து கடிகாரத்தைப் பார்த்தேன். 12 நிமிடங்கள் கழிந்திருந்தன. என்னை 22 ஆண்டுகள் ஆண்ட அரசனின் ஆட்சிக்காலம் அவ்வளவே!

உடம்பைத் தேடுவதில் பொருள் உண்டு. உடலின் உள்ளுணர்வுகளை அறிவதற்கு, மூளையின் மடிப்புக்குள் மறைந்திருக்கும் 'இன்சுலா' என்னும் பகுதி உதவுகிறது. அப்பகுதி பழுதுற்ற புகைபிடிப்போர் பலர், புகைக்கும் ஆசையையே இழந்துவிட்டதை அமெரிக்க ஆய்வாளர்கள் 2007-இல் வெளியிட்டனர். வேட்கை வெறும் எண்ணமன்று. உடலில் நிகழும் ஒரு நிகழ்ச்சி என்பதற்கு இது சான்று.

தலை முதல் கால் வரை உறுப்புகளை ஒவ்வொன்றாகக் கவனிக்கும் பயிற்சியை, ஜான் கபாட்-சின் என்பவர் 1979-இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் நோயாளிகளுக்குக் கற்பிக்கத் தொடங்கினார். மார்லட்டும் அவர்தம் துணைவரும் அதனைத் தம் முறையோடு இணைத்து, 8 வாரப் பயிற்சியாக வகுத்தனர். 2014-இல் வெளியான ஆய்வொன்றில், தொடக்கச் சிகிச்சையை முடித்திருந்த 286 பேர் மூன்று பிரிவாகப் பிரிக்கப்பட்டனர். ஓராண்டு கழிந்தபின் பார்க்கையில், இப்பயிற்சி பெற்றோர் மதுவையோ போதைப்பொருளையோ நாடிய நாட்கள் ஏனையோரினும் குறைவாக இருந்தன.

ஆயினும் ஓர் எச்சரிக்கை. நெடுநாள் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பும் சித்தப்பிரமையும் நேரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். அவர் முதலில் மருத்துவரிடமே செல்ல வேண்டும். இப்பயிற்சி மருத்துவத்துக்குத் துணையே அன்றி மாற்று அன்று.

நானும் ஒரே நாளில் விடுதலை பெறவில்லை. இருமுறை வழுக்கினேன். ஆனால் அப்போது என்னை நானே வையவில்லை; அடுத்த அலைக்குக் காத்திருந்தேன். இன்றும் எப்போதேனும் அந்த விரல்கள் துடிக்கின்றன. துடிப்பதை அறிகிறேன், அது ஓய்கிறது.

நண்பர்களே, முதல் சிகரெட்டை மறுப்பதே எல்லாவற்றினும் எளிது. எனினும் உங்களில் எவரேனும், அல்லது உங்கள் வீட்டில் எவரேனும், பழக்கத்தில் சிக்கியிருந்தால், அவரைக் கோழை என்று ஏசாதீர்கள். அருகில் அமருங்கள், அந்த ஆசை எங்கே இருக்கிறது என்று அன்போடு கேளுங்கள். அலை தணியும்வரை உடனிருங்கள்.