மூளையில் ரத்தக் கசிவு: வீட்டிலே என்ன செய்ய வேண்டும்?

(பண்ணை ஒலிபரப்பில் வேளாண்மை அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



வழக்கமாக நான் உங்களோடு பேச வந்தால் மக்காச்சோளத்துப் படைப்புழு, தென்னையில் வெள்ளை ஈ, மானாவாரி நிலக்கடலை என்று ஏதாவது ஒன்றைப் பேசுவேன். இன்றைக்குப் பயிரைப் பற்றி இல்லைங்க. பயிர் வைக்கிறவரைப் பற்றி. ‘வேளாண்மை ஆபீசருக்கு வைத்தியப் பேச்சு எதற்கு?’ என்று சிலர் நினைக்கலாம். அதற்கு ஒரு காரணம் உண்டு. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

என் தாய்மாமனுக்கு அவிநாசிக்குப் பக்கத்தில் தோட்டம். சில வருஷத்துக்கு முன்னால் ஒரு தை மாசம், காலை ஆறரை மணி இருக்கும். நான் அங்கே போயிருந்தேன். மாமா பால் கறந்து சொசைட்டியில் ஊற்றிவிட்டு வந்து சாளைத் திண்ணையில் உட்கார்ந்தார். “மாப்பிள்ளை, பிடரியிலே சம்மட்டியாலே அடிச்ச மாதிரி இருக்குது. எப்பவும் வர்ற தலைவலி இல்லே இது” என்றார்.

நான் என்ன சொன்னேன் தெரியுங்களா? “ராத்திரி கரண்டுக்குக் கண்ணு முழிச்சுத் தண்ணி பாய்ச்சினீங்களே மாமா, பித்தமா இருக்கும்” என்றேன். அத்தை சுக்கு அரைத்துப் பற்றுப் போட்டார்கள். கொஞ்ச நேரத்தில் மாமா வாந்தி எடுத்தார். “வாந்தி வந்தாச்சு, பித்தம் இறங்கிடும்” என்றேன். சோடா வாங்கிக் கொடுத்தோம். படுக்க வைத்தோம். ஒன்பதரை மணிக்கு எழுப்பி டம்ளரைக் கையில் கொடுத்தால் வலது கையில் டம்ளர் நிற்கவில்லை. பேச்சு குழறியது. அப்புறம்தான் பதறினோம். தெரிந்த இடத்துக்கு ஒரு நடை, அங்கே ஒரு பாட்டில் குளுக்கோஸ், ‘ஸ்கேன் எடுக்கணும்’ என்று சொன்ன பிறகு கோவைக்கு ஒரு நடை. ஸ்கேன் எடுக்கும்போது மணி ஒன்று. மூளையில் ரத்தக் கசிவு என்றார்கள். மூன்றாம் நாள் மாமா போய்விட்டார். வயது ஐம்பத்தெட்டு.

காரியம் முடிந்து அலமாரியைத் திறந்தபோது ரத்தக் கொதிப்பு மாத்திரை அட்டை ஒன்று கிடந்தது. எட்டு மாசத்துக்கு முன்னால் கொடுத்தது. அதில் நாலே நாலு மாத்திரைதான் எடுத்திருந்தது. “தலைசுத்தல் நின்னு போச்சு, இனி எதுக்கு மாத்திரை?” என்று நிறுத்திவிட்டாராம்.

பத்தடி தள்ளி நின்று இலையைப் பார்த்தே இது சத்துக் குறைவா, பூச்சியா, நோயா என்று சொல்லுகிற எனக்கு, கண் முன்னாலே உட்கார்ந்திருந்த மனிதருக்கு என்ன என்று சொல்லத் தெரியவில்லை. உங்களுக்கும் அந்த நிலை வரக் கூடாது. அதற்காகத்தான் இந்தப் பேச்சு.

குழாய் அடைப்பும் குழாய் உடைப்பும்

அத்திக்கடவு–அவிநாசித் திட்டத்தில் காலிங்கராயன் அணைக்கட்டுப் பக்கமிருந்து பவானித் தண்ணீரைக் குழாய் வழியாகத் தள்ளி நம் குளம் குட்டைகளுக்குக் கொண்டு வருகிறார்கள். 2024 ஆகஸ்ட்டில் திறந்து வைத்த திட்டம். அவ்வளவு தூரம் தண்ணீர் வர வேண்டும் என்றால் குழாயில் அழுத்தம் வேண்டும். அளவான அழுத்தம் என்றால் நல்லது. அளவுக்கு மிஞ்சினால் எந்த இடத்தில் குழாய் இளைத்திருக்கிறதோ அந்த இடத்தில் வெடிக்கும்.

உடம்பிலும் இதே கணக்குதான். இதயம் மோட்டார். ரத்தக் குழாய்கள் பைப்லைன். ரத்தக் கொதிப்பு என்பது அந்த அழுத்தம் நாள்கணக்கில், வருஷக்கணக்கில் கூடுதலாக நிற்பது. மூளைக்குள்ளே நூல் மாதிரி மெல்லிய குழாய்கள் இருக்கின்றன. அவை நைந்து நைந்து ஒருநாள் வெடிக்கின்றன. கசிந்த ரத்தம் மண்டை ஓட்டுக்குள் வெளியே போக வழியில்லாமல் மூளையை நெருக்குகிறது. இதுதான் மூளை ரத்தக் கசிவு.

இன்னொரு விதமும் உண்டு. குழாய் வெடிக்காமல், உள்ளே ரத்தம் கட்டியாகி அடைத்துக்கொள்வது. இரண்டையும் நாம் ‘பக்கவாதம்’, ‘வாதம் அடிச்சிடுச்சு’ என்றுதான் சொல்கிறோம். வெளியே பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். ஆனால் வைத்தியம் நேர் எதிர்.

சொட்டு நீர்க் குழாயில் உப்பு அடைத்தால் ஆசிட் விட்டுக் கழுவுகிறோம். உடைந்த குழாயில் ஆசிட் விடுவோமா? அதே மாதிரி, அடைப்பு என்றால் கட்டியைக் கரைக்கும் ஊசி போடுவார்கள். அதைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். கசிவு என்றால் அந்த ஊசியே எமன். அடைப்பா, கசிவா என்று நாடி பிடித்தோ நாக்கைப் பார்த்தோ யாராலும் சொல்ல முடியாது. ஸ்கேன் ஒன்றுதான் சொல்லும். ஆகையினால், எது வந்தாலும் நாம் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: கைவைத்தியம் எதுவும் செய்யாமல், ஸ்கேன் வசதி உள்ள ஆஸ்பத்திரிக்கு நேராகப் போவது.

எப்படிக் கண்டுபிடிப்பது?

‘திடீர்’ என்ற வார்த்தையை மனசில் வையுங்க. கீழே சொல்வதில் எது ஒன்று திடீரென்று வந்தாலும் சந்தேகப்பட வேண்டும்.

இதுவரை வந்திராத கடுமையான தலைவலி, இடி இறங்கின மாதிரி. கூடவே வாந்தி. முகம் ஒரு பக்கம் கோணுதல். ஒரு பக்கத்துக் கையோ காலோ விழுந்துபோதல், மரத்துப்போதல். பேச்சுக் குழறல், சொல்வது புரியாமை. பார்வை மங்குதல், இரண்டு இரண்டாகத் தெரிதல். நடை தள்ளாடுதல். வலிப்பு. நினைவு தப்புதல்.

ஒரு நிமிஷச் சோதனை சொல்கிறேன், பள்ளிக்கூடப் பிள்ளைகளும் செய்யலாம். ‘சிரிங்க’ என்று சொல்லுங்க. வாய் ஒரு பக்கம் இழுக்கிறதா பாருங்க. ‘இரண்டு கையையும் தூக்குங்க’ என்று சொல்லுங்க. ஒரு கை கீழே சரிகிறதா பாருங்க. ‘உங்க பேரும் ஊரும் சொல்லுங்க’ என்று கேளுங்க, குழறுகிறதா கேளுங்க. மூன்றில் ஒன்று தவறினாலும் போதும், யோசிக்க வேண்டாம். மூன்றும் சரியாக இருந்தாலும், என் மாமாவுக்கு வந்த மாதிரித் தலைவலி என்றால் அதுவும் அவசரம்தான். ‘பத்து நிமிஷத்திலே சரியாப் போச்சு’ என்றாலும் போயே ஆக வேண்டும். அது முன்னெச்சரிக்கையாக இருக்கலாம்.

நம் தொழிலில் ஒரு குழப்பம் வரும். பூச்சி மருந்து அடித்தவருக்குத் தலைவலி, வாந்தி, மயக்கம் வந்தால் ‘மருந்து ஏறிடுச்சு’ என்போம். மருந்து ஏறினால் பெரும்பாலும் வேர்த்துக் கொட்டும், எச்சில் ஒழுகும், உடம்பு முழுக்கத் தசை துடிக்கும். ரத்தக் கசிவில் பெரும்பாலும் ஒரு பக்கம் விழும். ஆனால் நிச்சயமாகப் பிரித்துச் சொல்வது நம் வேலை இல்லைங்க. இரண்டுக்கும் ஆஸ்பத்திரிதான். மோர், எலுமிச்சைச் சாறு எதுவும் ஊற்றாமல், மருந்து டப்பாவையும் கையோடு எடுத்துப் போங்க.

என்ன செய்ய வேண்டும்? என்ன செய்யக் கூடாது?

முதல் வேலை, மணி பார்ப்பது. ‘கடைசியாக நன்றாக இருந்தது எத்தனை மணிக்கு?’ என்பதுதான் டாக்டர் கேட்கும் முதல் கேள்வி.

இரண்டாவது, 108. நம் தமிழ்நாட்டில் 2008-லிருந்து ஓடுகிற இலவச ஆம்புலன்ஸ். ‘வாதம் மாதிரி இருக்குது, ஸ்கேன் உள்ள ஆஸ்பத்திரிக்குப் போகணும்’ என்று தெளிவாகச் சொல்லுங்க. தோட்டத்து வீடுகளுக்கு வழி கண்டுபிடிப்பது கஷ்டம். ஒரு ஆளை ரோட்டு முனையில் நிறுத்துங்க. நமக்குத் திருப்பூரில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. அந்தக் கல்லூரி 2022 ஜனவரியில் திறந்தது. கோவையில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. எங்கே கொண்டுபோவது என்று 108-காரர்கள் சொல்வார்கள்.

வண்டி வரும் வரை ஆளைப் படுக்க வையுங்க. நினைவு இருந்தால் தலையைச் சற்றே உயர்த்தி வைக்கலாம். வாந்தி வந்தாலோ நினைவு தப்பினாலோ ஒருக்களித்துப் படுக்க வையுங்க, வாந்தி மூச்சுக் குழாயில் இறங்காது. இடுப்புக் கயிறு, சட்டைப் பொத்தான் தளர்த்துங்க. சாப்பிடுகிற மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்க. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்க.

செய்யக் கூடாததைக் கவனமாகக் கேளுங்க. தண்ணீர், சோடா, காப்பி ஒன்றும் வாயில் ஊற்றக் கூடாது. விழுங்கும் சக்தி போயிருந்தால் புரையேறி நுரையீரலில் இறங்கும். ஆஸ்பிரின் கொடுக்கக் கூடாது. கசிவாக இருந்தால் இன்னும் கசியும். ‘பிரஷர் ஏறிடுச்சு’ என்று ரத்தக் கொதிப்பு மாத்திரையையும் அந்த நேரத்தில் நாமே கொடுக்கக் கூடாது. விரல் நுனியில் ஊசி குத்துவது, புறா ரத்தம் தேய்ப்பது, எண்ணெய் போட்டு உருவுவது, வலிப்புக்குக் கையில் இரும்பு கொடுப்பது, இதெல்லாம் நேரத்தைத் தின்கிற வேலை. மோட்டார் சைக்கிளில் நடுவில் உட்கார வைத்துக் கொண்டுபோவதும் வேண்டாம்.

மெதுவாகக் கசிவதும் உண்டு

தலையில் அடிபட்டால் மூளைக்கும் அதன் உறைக்கும் நடுவில் ரத்தம் சொட்டுச் சொட்டாகச் சேரும். வாரக்கணக்கில் தெரியாது. வயதானவர்களுக்குச் சின்ன அடியே போதும். வாய்க்கால் வரப்பில் வழுக்கி விழுந்த அப்பாரு, அன்றைக்கு எழுந்து நடப்பார். ஒரு மாசம் கழித்துத் தலைவலி, தூக்கம், குழப்பம், கால் இழுப்பு என்று வரும். ‘வயசாச்சு, அப்படித்தான்’ என்று விட்டுவிடாதீங்க.

நம் கோவையில் ஈஷா யோகா மையத்தின் சத்குரு ஜக்கி வாசுதேவ் அவர்களுக்கு 2024-ல் நடந்தது எல்லாருக்கும் தெரியும். நாலு வாரமாகக் கடுமையான தலைவலி. அதோடு மார்ச் 8-ஆம் தேதி மகா சிவராத்திரி விழாவையும் இரவு முழுக்க நடத்தினார். பிறகு டில்லியில் ஸ்கேன் எடுத்தபோது மண்டைக்குள் பெரிய ரத்தக் கசிவு தெரிந்தது. மார்ச் 17-ஆம் தேதி நிலைமை மோசமாகி அவசர ஆபரேஷன் செய்தார்கள். 27-ஆம் தேதி வீடு திரும்பினார். இதில் நமக்கு இரண்டு பாடம். விடாத தலைவலியைத் தாங்கிக்கொண்டு வேலை பார்ப்பது வீரம் இல்லை. நேரத்தில் கண்டுபிடித்தால் பிழைக்க வழி இருக்கிறது.

வராமல் தடுப்பது

1945 ஏப்ரல் 12-ஆம் தேதி அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட் ‘பின்தலையில் பயங்கரமாக வலிக்கிறது’ என்று சொல்லிச் சாய்ந்தார். அன்றே இறந்தார். மூளை ரத்தக் கசிவு. அப்போது அளந்த ரத்த அழுத்தம் 300-க்கு 190. அதற்கு ஒரு வருஷம் முன்பே அழுத்தம் அதிகம் என்று டாக்டருக்குத் தெரியும். ஆனால் அதைக் குறைக்க அந்தக் காலத்தில் நல்ல மருந்து இல்லை. உலகத்திலேயே பெரிய பதவியில் இருந்தவருக்குக் கிடைக்காத மாத்திரை, இன்றைக்கு நம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசில்லாமல் கிடைக்கிறது. அதை வாங்கி அலமாரியில் போட்டால் யாருடைய குற்றம்?

ரத்தக் கொதிப்பு வலிக்காது. ‘எனக்கு ஒண்ணும் இல்லீங்க’ என்கிறவருக்கும் இருக்கும். முப்பது வயது தாண்டியவர்கள் வருஷத்துக்கு ஒருமுறையாவது அளந்து பாருங்க. 140-க்கு 90 அல்லது அதற்கு மேல் திரும்பத் திரும்ப நின்றால் அது ரத்தக் கொதிப்பு. 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், வீட்டுக்கே வந்து அளந்து மாத்திரை கொடுக்கவும் ஏற்பாடு செய்தார்கள். மாத்திரை சாப்பிட்டு அழுத்தம் சரியானால் மாத்திரை வேலை செய்கிறது என்று அர்த்தமே தவிர, நோய் போய்விட்டது என்று அர்த்தம் இல்லை. அணைக்கு ஷட்டர் போட்டிருப்பதால்தான் தண்ணீர் அளவாக வருகிறது. ஷட்டரைக் கழற்றினால் என்ன ஆகும்? டாக்டரைக் கேட்காமல் ஒரு நாள்கூட நிறுத்தாதீங்க.

உப்பு, ஒரு ஆளுக்கு நாளைக்கு ஒரு டீஸ்பூன், அதாவது 5 கிராமுக்குள் இருக்கட்டும். ஊறுகாய், கருவாடு, அப்பளத்தில் இருப்பதும் அந்தக் கணக்கில் சேரும். பீடி, சிகரெட், புகையிலை, சாராயம் நான்கும் குழாயைக் கெடுப்பவை. மோட்டார் சைக்கிளில் போனால் ஹெல்மெட். தென்னை ஏறுகிறவர்கள் இடுப்புக் கயிறு இல்லாமல் ஏறக் கூடாது.

பனியன் கம்பெனிக்கு நைட் ஷிப்ட் போகிற நம் பிள்ளைகளும் கேளுங்க. தூக்கம் கெட்டு, டீயும் பீடியுமாக ஓடுகிற உடம்பு அது. நாற்பது வயதிலும் இது வருகிறது. நீங்கள் கம்பெனிக்குப் போன பிறகு வீட்டில் இருப்பது ஆத்தாவும் அப்பாருவும் சின்னக் குழந்தையும்தான். அந்தக் குழந்தைக்கு 108 என்ற எண்ணையும், நான் சொன்ன அந்த மூன்று சோதனையையும் இன்றைக்கு ராத்திரியே சொல்லிக் கொடுங்க. எண்ணைச் சுவரில் கரிக்கட்டியால் எழுதி வைத்தாலும் சரி.

மாமா வீட்டு அலமாரியில் கிடந்த அந்த அட்டையை நான் எடுத்து வைத்திருக்கிறேன். கூட்டங்களுக்குப் போனால் காட்டுவதற்கு. உங்கள் வீட்டு அலமாரியிலும் அப்படி ஓர் அட்டை கிடக்கிறதா என்று போய்ப் பாருங்க. கிடந்தால், நாளைக்குக் காலையில் பால் ஊற்றிவிட்டு நேரே சுகாதார நிலையத்துக்குப் போங்க.