எந்த மொழி என்று சொல்லுங்கள்



பேச்சு அறிவியல் ஆய்விதழ் ஒன்றின் ஆசிரியர் பொறுப்பை ஏற்றிருக்கிறேன். "எலக்ட்ரானிக்ஸ் படிச்சவனுக்குப் பத்திரிகையில என்னப்பா வேலை?" என்று நண்பர்கள் கேலி செய்கிறார்கள். வருகிற கட்டுரையைத் துறை அறிந்த இரண்டு மூன்று பேருக்கு அனுப்பி, கருத்துக் கேட்டு, ஏற்பதற்கோ திருப்புவதற்கோ காரணம் எழுதுவதுதான் வேலை. சம்பளம் கிடையாது!

எங்கள் துறையில் 'டிமிட்' என்ற புகழ்பெற்ற ஒலித்தொகுப்பு உண்டு. அதில் பேசியவர்கள் 630 பேர். அத்தனையும் அமெரிக்க ஆங்கிலம். அதை வைத்துச் சோதித்த பலர், மொழியின் பெயரே இல்லாமல் 'பேச்சை அறிதல்' என்று தலைப்பிட்டார்கள். தமிழில் சோதித்தால் மட்டும், "இது மற்ற மொழிக்குப் பொருந்துமா?" என்று கேள்வி வரும்.

நியாயமான கேள்விதான். ஆனா எல்லாரையும் கேட்கணும் இல்லையா? 'கல்', 'தங்கம்' இரண்டிலும் எழுத்து ஒரே 'க'. காதுக்கு வேறு வேறு ஒலி. மொழிக்கு மொழி சிக்கல் மாறும். அமெரிக்க மொழியியலாளர் எமிலி பெண்டர் வலியுறுத்தி வருவதும் இதையே. ஆகவே என் முதல் விதி: ஆங்கிலமே ஆனாலும், எந்த மொழி என்று கட்டுரைச் சுருக்கத்திலேயே எழுத வேண்டும்.

மாணவர்களே, உங்க ஊர்ப் பேச்சைச் சம்மதம் வாங்கிப் பதிவு செய்யுங்கள். பேசியவர் வயது, ஊர், எந்த மைக் என்பதைக் குறித்து வையுங்கள். எழுதி அனுப்புங்கள். நம்ம காலேஜ் என்று சலுகை கிடையாது. அப்படி வந்தால் முடிவை வேறொருவரிடம் விட்டுவிடுவேன். ஆனால் 'தமிழ் மட்டும்தானே' என்ற காரணத்துக்காக எந்தக் கட்டுரையும் திரும்பி வராது.