போனவரா, ஆக்கப்பட்டவரா?



எங்கள் ஆங்கில ரீச்சரிடம் நாங்கள் அதிகம் பேச்சு வாங்கியது ‘பொறோ’, ‘லென்ட்’ என்ற இரண்டு சொற்களுக்காகத்தான். தமிழில் வாங்கினாலும் இரவல், கொடுத்தாலும் இரவல். அதனால் பேனை கேட்கும்போது “பொறோ மீ” என்போம். “பேனை ஆருடைய கையிலிருந்து ஆருடைய கைக்குப் போகுது எண்டு பாருங்கோ பிள்ளையள்” என்பார் ரீச்சர். வாங்குபவர் செய்வது பொறோ, கொடுப்பவர் செய்வது லென்ட். செய்தவர் யார் என்று கேட்டால் சொல் தானாக வரும்.

பாடசாலையை விட்டு வந்தபின் அயலிலுள்ள அம்மாமாருக்கு ஆங்கிலக் கடிதம் எழுதிக் கொடுக்கும் வேலை எங்களுக்கு வந்தது. மகனைத் தேடும் ஒரு தாய்க்கு நாங்கள் முதலில் எழுதியது ‘லொஸ்ற்’. அது பஸ்ஸில் விட்ட குடைக்கும் பொருந்தும் சொல். வெட்கப்பட்டு, வெட்டிவிட்டு ‘மிஸ்ஸிங்’ என்று எழுதினோம். “தம்பி தானாய்ப் போகேல்லப் பிள்ளை, கொண்டு போனவங்கள்” என்றார் அந்தத் தாய்.

அவர் சொன்னதே சரியான வித்தியாசம். ‘மிஸ்ஸிங்’ என்றால் ஆள் எங்கே என்று தெரியவில்லை. காரணம் எதுவாகவும் இருக்கலாம். ‘என்ஃபோர்ஸ்ட் டிஸப்பியரன்ஸ்’ என்றால், அரசின் ஆட்களோ அரசின் சம்மதத்துடன் வேறு ஆட்களோ ஒருவரைப் பிடித்துச் சென்று, பிறகு அதை ஏற்க மறுப்பது அல்லது அவருக்கு நேர்ந்ததை மறைப்பது. இதற்கென 2006இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்றுக்கொண்ட சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்று உறுதிப்படுத்தியது. அதே ஆண்டு 14ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான அலுவலகத்தின் ஆங்கிலப் பெயரில் இருப்பதோ ‘மிஸ்ஸிங்’.

தமிழில் எங்கள் தாய்மார் ‘காணாமற்போனோர்’ என்பதை விட்டு ‘வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோர்’ என்கிறார்கள். ‘போனார்’ என்றால் செய்தவர் இல்லை. ‘ஆக்கப்பட்டார்’ என்றால் ஆக்கியவர் ஒருவர் உண்டு.

தங்கைமாரே, நாளை உங்களிடமும் யாராவது ஒரு படிவத்தோடு வருவார்கள். அகராதியைப் பாருங்கள். அதோடு, செய்தது யார் என்றும் அவர்களிடம் கேட்டு எழுதுங்கள்.