வழியோரத்தில் ஒரு குட்டி நின்றால்

(நிந்தவூரில் தொழிலாளர் குடும்பங்களின் கூட்டத்தில் சங்கத்தின் சார்பில் ஆற்றிய உரை)



சம்பளம், சேமலாப நிதி, லயத்துக் கூரை என்று பேசுகிற சங்கம் இன்றைக்கு யானைக் குட்டியைப் பற்றிப் பேச வந்திருக்கிறதே என்று சிலருக்குத் தோன்றலாம். தாயைப் பிரிந்த காட்டுக் குட்டியை முதலில் காண்பவர் யார் என்று யோசித்துப் பாருங்கள். விடியற்காலையில் பிரட்டுக்குப் போகிறவர், மலையில் கொழுந்து எடுக்கிறவர், கரும்பு வெட்டப் போகிறவர், வட்டையில் வாடி போட்டுக் காவல் இருக்கும் முல்லைக்காரர். அதிகாரி அதற்குப் பிறகுதான் வருவார். குட்டியின் உயிரும், பக்கத்தில் நிற்கும் தொழிலாளியின் உயிரும் அந்த முதல் ஒரு மணி நேரத்தில் நாம் நடந்துகொள்ளும் விதத்தில் தங்கியிருக்கின்றன. அதனால் இது நம்முடைய விஷயம்.

இந்தப் பக்கத்து மக்களுக்கு யானை புதிதில்லை. அறுவடை முடிந்ததும் நிந்தவூர், சம்மாந்துறை, அட்டாளைச்சேனை வட்டைகளுக்கு யானைகள் வருகின்றன. ஹிங்குராணைப் பக்கத்துக் கரும்பும் அவற்றுக்குத் தெரிந்த தீனிதான். பள்ளக்காட்டுக் குப்பைமேட்டை உலகமே படத்தில் பார்த்தது. சுற்றியுள்ள ஒன்பது ஊர்களின் குப்பை அங்கே கொட்டப்பட்டது. காவலுக்குப் போட்ட மின்வேலி 2014இல் இடி விழுந்து பழுதாகி, திருத்தப்படாமலே கிடந்தது. பிளாஸ்டிக்கைத் தின்று எட்டு ஆண்டுகளில் ஏறக்குறைய இருபது யானைகள் இறந்ததாக 2022 ஜனவரியில் செய்தி வந்தது. நாம் கடையில் வாங்கிய பொலித்தீன் பைதான் அந்த வயிறுகளுக்குள் இருந்தது.

யானை ஏறக்குறைய 22 மாதம் சுமந்து ஒரு குட்டி ஈனுகிறது. பிறந்த குட்டி நூறு கிலோவுக்குக் கிட்ட இருக்கும். பார்க்கப் பெரிய உருவம். ஆனால் முதல் இரண்டு ஆண்டுகள் தாய்ப்பால் இல்லாமல் அது பிழைப்பது மிகவும் கடினம். தாய் துவக்குச் சூட்டிலோ, ஹக்கபட்டாஸ் வெடியிலோ, திருட்டு மின்கம்பியிலோ, ரயிலிலோ அடிபட்டு விழுந்தால் குட்டி எத்தீமாகிவிடுகிறது. 2023இல் மட்டும் இலங்கையில் 400க்கும் மேற்பட்ட யானைகள் இறந்தன. அதே ஆண்டில் யானை தாக்கி இறந்த மனிதர்களும் நூற்றுக்கு மேல். அவர்களில் பெரும்பாலோர் நம்மைப் போன்ற ஏழைக் குடும்பத்தவர்கள்.

இங்கே ஒன்றைக் கவனமாகக் கேளுங்கள். தனியாக நிற்கிற குட்டியெல்லாம் தாயில்லாக் குட்டி ஆகாது. வெடி கொளுத்தி, தகரம் தட்டிக் கூட்டத்தைக் கலைக்கும்போது குட்டி வாய்க்காலில் சிக்கிப் பின்தங்கிவிடும். தாய் பற்றைக்குள் நிற்பாள். இருட்டியதும் தேடி வருவாள். அந்த நேரத்தில் குட்டியைச் சுற்றி ஐம்பது பேர் நின்று செல்போனில் படம் எடுத்தால் தாய் வரமாட்டாள், அல்லது வந்து ஆளை மிதிப்பாள்.

மலையகத்தில் சிறுத்தைக்கும் இதே கதைதான். தாய்ச் சிறுத்தை இரை தேடப் போகும்போது குட்டிகளைத் தேயிலைச் செடிக்கு அடியிலோ கற்குகையிலோ விட்டுவிட்டுப் போகும். கொழுந்து எடுக்கும் பெண்கள் அதைக் காண்பார்கள். பாவம் என்று லயத்துக்குத் தூக்கி வந்தால் தாய் அந்த மலையையே சுற்றும். மறுநாள் அதே மலையில் கொழுந்து எடுக்கப் போவது நம் அக்காவும் தங்கையும்தான். குட்டியை இருந்த இடத்திலேயே விட்டு, அந்த மலையில் அன்று வேலையை நிறுத்தி, ஆட்களை விலக்கினால் பெரும்பாலும் தாய் வந்து கவ்விக்கொண்டு போய்விடும்.

சரி, கண்டால் என்ன செய்ய வேண்டும்?

முதலில் தூரமாக நில்லுங்கள். பிள்ளைகளையும் நாய்களையும் அப்புறப்படுத்துங்கள். வீதியோரமாக இருந்தால் இரண்டு பக்கமும் ஆள் நின்று வாகனங்களை மெதுவாகப் போகச் சொல்லுங்கள். வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் 1992 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். கிடைக்காவிட்டால் பொலிஸ் 119. கிராம உத்தியோகத்தருக்கும் சொல்லுங்கள். இடத்தின் பெயர், கண்ட நேரம், காயம் உண்டா, பெரிய யானை பக்கத்தில் உண்டா என்பதைச் சொன்னால் போதும்.

பசும்பால் கொடுக்காதீர்கள். இரக்கத்தில்தான் கொடுக்கிறோம், ஆனால் அது குட்டிக்கு ஒத்துக்கொள்ளாமல் வயிற்றோட்டம் வந்து அதிலேயே செத்துப்போகும். கிணற்றில் விழுந்திருந்தால் கயிறு போட்டுக் கழுத்தில் இழுக்காதீர்கள். ஒரு பக்கக் கரையைச் சரிவாக வெட்டிவிட்டால் அது தானாக ஏறி வரும். வீட்டில் கட்டி வளர்க்கவே கூடாது. 1937ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்படி அது குற்றம். மாட்டிக்கொள்வது எப்போதும் ஏழைதான், குட்டியை வாங்க வந்த பணக்காரன் தப்பிவிடுவான்.

தாய் உண்மையிலேயே இல்லை என்று தெரிந்தால் குட்டியைத் திணைக்களத்தார் உடவளவைக்குக் கொண்டுபோவார்கள். அங்கே யானைக் குட்டிகளுக்கான இடைத்தங்கல் நிலையம் 1995இல் தொடங்கியது. மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை குழாய் வழியாகப் பால் கொடுக்கிறார்கள். மனிதரோடு அதிகம் பழகவிடுவதில்லை. சில ஆண்டுகளில் குட்டிகளைக் கூட்டமாகக் காட்டில் விடுகிறார்கள். 1998இலிருந்து இப்படி நூற்றுக்கும் மேற்பட்ட யானைகள் காட்டுக்குத் திரும்பியிருக்கின்றன. வழியோரத்தில் யாரோ ஒருவர் சத்தம் போடாமல் காவல் நின்றதால்தான் அவற்றில் பல உயிரோடு அங்கே போய்ச் சேர்ந்தன.

எல்லாவற்றையும் காப்பாற்ற முடிவதில்லை. 2020 மே மாதம் நல்லதண்ணி லக்சபான தோட்டத்தில் ஒரு கருஞ்சிறுத்தை சுருக்குக் கம்பியில் மாட்டியது. இலங்கையில் மிக அரிதான மிருகம். அதையும் உடவளவைக்குத்தான் கொண்டுபோனார்கள். சில நாட்களில் இறந்துவிட்டது. மரக்கறிப் பாத்திக்குப் பன்றி வராமல் இருக்கப் போடுகிற அதே கம்பிதான். அந்தக் கம்பி நாளைக்கு ஒரு தாயின் கழுத்தை அறுக்கும். குட்டி வழியோரத்துக்கு வரும். ஆகவே குட்டியைக் காப்பாற்றுவது கம்பி போடாமல் இருப்பதிலிருந்து தொடங்குகிறது.

கடல் தாண்டியும் பார்ப்போம். தமிழ்நாட்டில் வால்பாறைத் தேயிலைத் தோட்டங்களில் யானை எங்கே நிற்கிறது என்று தொழிலாளர்களின் செல்போனுக்கு மாலையில் செய்தி போகிறது. ஆபத்தான இடங்களில் சிவப்பு விளக்கு எரிகிறது. யானை பக்கத்தில் நிற்பது தெரியாமல் இருட்டில் நடந்ததால்தான் அங்கே பலர் இறந்தார்கள். தெரிந்த பிறகு சாவு குறைந்தது. நமது தோட்டங்களிலும் வட்டைகளிலும் இதைச் செய்யச் சொல்லிக் கேட்பது பேராசை ஆகாது.

முதுமலையில் தெப்பக்காடு யானை முகாமில் பொம்மனும் பெள்ளியும் தாயில்லாத குட்டிகளை வளர்த்த கதை 2023இல் ஒஸ்கார் விருது பெற்ற ஆவணப்படமானது. உலகம் கைதட்டியது. அதுவரை பெள்ளி தற்காலிகத் தொழிலாளி. அதே ஆண்டில்தான் தமிழ்நாடு அரசு அவருக்கு நிரந்தர வேலை நியமனம் கொடுத்தது. விருது வந்திராவிட்டால் எத்தனை காலம் அப்படியே இருந்திருப்பார்? காட்டு உயிரைக் காக்கிற கைக்கும் கூலி வேண்டும், நிரந்தரம் வேண்டும். இதை ஒரு தொழிற்சங்கம் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வார்கள்?

ஆகவே நமது கோரிக்கைகள் நான்கு.

ஒன்று: குட்டிக்குக் காவல் நின்ற நாளுக்கு முழுப்பேர் போட வேண்டும். அரைப்பேர் வெட்டினால் அடுத்த தடவை யாரும் நிற்கமாட்டார்கள், கண்டும் காணாமல் போய்விடுவார்கள். இரண்டு: சிறுத்தையோ யானையோ நிற்கிற மலையில் வேலை செய்ய மறுப்பவருக்குத் தண்டனை கூடாது. மூன்று: 1992 என்ற இலக்கத்தைப் பிரட்டுக்களத்திலும் கொழுந்து மடுவத்திலும் பெரிய எழுத்தில் தமிழில் எழுதி வைக்க வேண்டும். நான்கு: யானையால் உயிரோ வீடோ இழந்த குடும்பத்துக்கு நட்டஈடு அலைக்கழிக்காமல் கிடைக்க வேண்டும். அப்படி நடந்தால் உடனே பொலிஸில் முறைப்பாடு பதிந்து, பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு சங்கக் காரியாலயத்துக்கு வாருங்கள். விண்ணப்பத்தை நாம் எழுதிக் கொடுப்போம்.

நம் பக்கத்திலும் கடமை உண்டு. சுருக்குக் கம்பி போடமாட்டோம். ஹக்கபட்டாஸைத் தோட்டத்துக்குள் விடமாட்டோம். சோற்றுப் பொலித்தீனைக் காட்டோரத்தில் வீசமாட்டோம்.

பிள்ளைகளே, உங்களிடம் ஒரு வேலை ஒப்படைக்கிறோம். இன்றிரவு வீட்டுக்குப் போனதும் அம்மா வாப்பாவின் போனில் 1992 என்ற இலக்கத்தைப் பதிந்து கொடுங்கள். நாளைக்கு விடியற்காலை இருட்டோடு வீதியில் இறங்குகிறவர்கள் அவர்கள்தான்.