யூபிலி என்றால் விடுதலை
(பொன்விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இந்தப் பொன்விழா ஆண்டில் 'யூபிலி' என்னும் சொல்லை நாம் எத்தனையோ முறை உச்சரித்துவிட்டோம். கொடி, தோரணம், தேர், விருந்து, இவைதாம் யூபிலி என்று நம் பிள்ளைகள் எண்ணிவிடக் கூடாது. லேவியர் ஆகமம் 25-ஆம் அதிகாரத்தின்படி, அடிமைப்பட்டவன் தன் குடும்பத்துக்கும் தன் காணிக்கும் திரும்பிப் போகும் ஆண்டே ஐம்பதாம் ஆண்டு. அப்படி வீடு திரும்ப இயலாமற்போன ஒரு மக்களைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன். அவர்கள் அயர்லாந்துக் கத்தோலிக்கர்.

1641-இல் அவர்கள் ஆங்கில ஆட்சியை எதிர்த்துக் கிளர்ந்தெழுந்தனர். அந்தக் கிளர்ச்சியில் புரோட்டஸ்டாண்டுக் குடியேறிகள் பலர் கொல்லப்பட்டனர். அதை நாம் மறைக்க வேண்டியதில்லை. 1649 ஆகஸ்டில் ஆலிவர் குரோம்வெல் பெரும் படையோடு அயர்லாந்தில் வந்திறங்கினார். செப்டம்பரில் டிரோஹெடா நகரம் வீழ்ந்தது. பிடிபட்ட ஒரு பகுதிப் படைவீரரில் பத்துக்கு ஒருவரைக் கொன்று, மற்றவரைப் பார்படோஸ் தீவுக்குக் கப்பலேற்றியதாக அவரே பாராளுமன்றத்துக்குக் கடிதம் எழுதினார்.

போர் ஓய்ந்தபோது நாடு பஞ்சத்திலும் கொள்ளைநோயிலும் கிடந்தது. 30,000-க்கு மேற்பட்ட அயர்லாந்து வீரர் ஸ்பெயின், பிரான்சு முதலிய நாடுகளின் படைகளில் சேர வெளியேறினர். ஊரில் எஞ்சியவர் யார்? விதவைகள், அநாதைகள், நிலம் இழந்தவர்கள். அவர்களுக்கு 'நாடோடிகள்' என்று பெயர் சூட்டிப் பிடிக்க ஆணை பிறந்தது. 1653-இல் பிரிஸ்டல் நகர வணிகர் இருவரோடு ஓர் ஒப்பந்தம் எழுதப்பட்டது. 12 முதல் 45 வயது வரையுள்ள பெண்கள் 250 பேர். 12 முதல் 50 வயது வரையுள்ள ஆண்கள் 300 பேர். கார்க், கின்சேல், வாட்டர்ஃபோர்டு முதலிய துறைமுகங்களைச் சுற்றி இருபது மைலுக்குள் இவர்களைத் திரட்டி, அமெரிக்காவில் உள்ள நியூ இங்கிலாந்துக்கு அனுப்ப வேண்டும். பெரியோர்களே, வயதைக் கவனியுங்கள். பன்னிரண்டு! நம் மறைக்கல்வி வகுப்பில் உட்காரும் பிள்ளையின் வயது அது.

அதே 1653-இல் குருக்கள் யாவரும் நாட்டை விட்டு வெளியேற வேண்டும் என்ற ஆணையும் வந்தது. மறைந்து வாழ்ந்து பிடிபட்டவருள் சிலர் பார்படோசுக்குக் கடத்தப்பட்டனர்; வேறு சிலர் மேற்குக் கடலோரத்து இனிஷ்பாஃபின் தீவில் அடைக்கப்பட்டனர்.

மேற்கிந்தியத் தீவுகளில் அப்போது கரும்பு பயிரிடும் வேகம் கூடியிருந்தது. வெட்ட ஆள் வேண்டும், ஆலையில் பிழிய ஆள் வேண்டும், கொதிகலன் முன் நிற்க ஆள் வேண்டும். கப்பலில் வந்தவர்களின் உழைப்பைத் தோட்ட முதலாளிகள் குறிப்பிட்ட சில ஆண்டுகளுக்கு விலைக்கு வாங்கினர். தப்பியோடிப் பிடிபட்டால் பணிக்காலம் நீளும். முதலாளியின் அனுமதியின்றித் திருமணம் செய்தாலும் அப்படியே. தவணை முடியுமுன் மாண்டவர் மிகப் பலர்.

அந்த இருளிலும் ஒரு விளக்கு எரிந்தது. லிமெரிக் நகரத்தவரான ஜான் ஸ்ட்ரிச் என்னும் சேசு சபைக் குரு 1650-இல் செயின்ட் கிட்ஸ் தீவை அடைந்து, அங்கிருந்த அயர்லாந்து மக்களுக்குப் பணி செய்தார். அருகிலிருந்த மான்செராட் தீவிலோ ஆங்கில ஆட்சி குருக்களை அனுமதிக்கவில்லை. அவர் மர வியாபாரி வேடம் பூண்டு அங்கே போனார். மக்கள் மரம் வெட்டப் போவதுபோல் நாள்தோறும் காட்டுக்குள் சென்றனர். காலையில் பூசை கண்டனர். பின்பு மெய்யாகவே மரம் வெட்டிச் சுமந்துகொண்டு திரும்பினர். கோயிலும் மணியும் வைத்திருக்கும் நாம் ஞாயிறு பூசைக்குத் தாமதமாக வருகிறோமே என்று எனக்கு நாணமாக இருக்கிறது.

இத்தோடு நிறுத்தினால் உங்கள் கண்கள் கலங்கும். ஆனால் உண்மை பாதியாகிவிடும். அயர்லாந்து மக்களும் ஆப்பிரிக்க மக்களும் ஒரே வகையான அடிமைகளாய் இருந்தனர் என்று சிலர் எழுதுகிறார்கள். அது சரியன்று. 1636-இலேயே பார்படோஸ் ஆளுநர் சபை, ஆப்பிரிக்கர் வாழ்நாள் முழுவதும் ஊழியம் செய்ய வேண்டும் என்று முடிவு செய்தது. 1661-இல் பணியாளருக்கு ஒரு சட்டமும் அடிமைகளுக்கு வேறொரு சட்டமும் இயற்றப்பட்டன. அயர்லாந்துக்காரனுக்குத் தவணை உண்டு, முறையிட நீதிமன்றம் உண்டு; அவன் பிள்ளை சுதந்திரமாகப் பிறந்தது. ஆப்பிரிக்கத் தாயின் பிள்ளையோ பிறக்கும்போதே இன்னொருவரின் சொத்து.

இன்னும் கசப்பான உண்மை ஒன்று உண்டு. 1678-இல் மான்செராட்டில் எடுத்த கணக்கின்படி, அங்கிருந்த வெள்ளையருள் பத்தில் ஏழு பேர் அயர்லாந்தவர். கட்டாயமாய் வந்தவரும், பிழைப்புத் தேடித் தாமே வந்தவரும் அதில் அடக்கம். காலப்போக்கில் அவர்களுள் சிலர் தோட்ட முதலாளிகளாகி, ஆப்பிரிக்கரை விலைக்கு வாங்கினர். 1768 மார்ச் 17, புனித பத்திரிசியார் திருநாள். எசமானர் விழாக் கொண்டாடும் அந்த வேளையில் விடுதலை பெற அடிமைகள் திட்டமிட்டனர். இரகசியம் வெளிப்பட்டது. ஒன்பது பேர் கொல்லப்பட்டனர். இன்றும் மான்செராட் மக்கள் அந்த நாளைப் பொது விடுமுறையாக நினைவுகூர்கிறார்கள்.

காட்டில் ஒளிந்து பூசை கண்ட இனம்தான்! தன் முதுகில் விழுந்த சவுக்கைத் தன் கையில் எடுத்துக்கொண்டது.

அன்பர்களே, லேவியர் ஆகமத்தின் அதே அதிகாரத்தைத் தொடர்ந்து படியுங்கள். அங்கே விடுதலை சொந்த இனத்துச் சகோதரனுக்குத்தான், அந்நியனுக்கு இல்லை. கிறிஸ்துவின் மக்களாகிய நாம் அந்த எல்லைக்கோட்டில் நின்றுவிடலாமா? நம் முன்னோர் பட்ட பாட்டைச் சொல்லிக் கண்ணீர் விடுவது எளிது. நம் வயலில், நம் கடையில், நம் அடுக்களையில் குனிந்து நிற்பவரின் முகத்தை நிமிர்ந்து பார்ப்பது கடினம். அந்தக் கடினமான காரியத்தை இந்த ஐம்பதாம் ஆண்டில் தொடங்குவோமானால், நாம் கொண்டாடுவது மெய்யான யூபிலியாகும்.