சொட்டுக் கசிவும் ஊராட்சியின் பொறுப்பும்

(ஊராட்சி மன்ற உறுப்பினர்களுக்கும் உழவர்களுக்கும் நடந்த பயிற்சி முகாமில் வேளாண்மைப் பொறியாளர் ஒருவர் நிகழ்த்திய உரை)



விறகுக்கும் வேலிக்கும் உதவுமென்று 19-ஆம் நூற்றாண்டில் கொண்டுவரப்பட்ட சீமைக் கருவேலம், இன்று நம் கண்மாய்களையும் தரிசு நிலங்களையும் கவ்விக்கொண்டிருக்கிறது. இராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் மாவட்டங்களிலிருந்து வந்திருப்போருக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. இம்மரத்தை வெட்டினால் மட்டும் போதாது. அடிக்கட்டை மீண்டும் தழைத்துவிடும். வேரோடு பெயர்த்தெடுக்க வேண்டும். அதற்குப் புல்டோசரும் எக்ஸ்கவேட்டரும் தேவைப்படுகின்றன. வேளாண்மைப் பொறியியல் துறை அவற்றை மணிக்கணக்கில் வாடகைக்குத் தருகிறது, தனியாரும் தருகின்றனர்.

யந்திரம் கண்மாய்க்குள் இறங்கியதும் நாம் மணியைக் கணக்கிடுகிறோம். ஆனால் அதிலிருந்து சொட்டும் எண்ணெயை யாரும் கணக்கிடுவதில்லை. ஏறக்குறைய இருபது சொட்டுகள் சேர்ந்தால் ஒரு மில்லிலிட்டர். விநாடிக்கு ஒரு சொட்டு வீதம் கசிந்தால் மணிக்கு 180 மில்லிலிட்டர். எட்டு மணி நேர வேலையில் ஏறத்தாழ ஒன்றரை லிட்டர். அந்த எண்ணெய் யந்திர உரிமையாளருக்கு நஷ்டம். ஆனால் அது விழுகின்ற மண் யாருடையது? நாளை மழை பெய்தால் தண்ணீர் நிற்கப்போகும் இடம் அது; நம் கால்நடைகள் வாய் வைக்கும் இடம் அது. ஆகவே, சொட்டுக் கசிவு ஆபரேட்டரின் கவலை மட்டுமன்று, ஊராட்சியின் கவலையும் ஆகும்.

முதலில் ஓர் எச்சரிக்கை. கசியும் இடத்தைக் கையால் தடவிப் பார்க்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. இதைவிட ஆபத்தான வழக்கம் வேறில்லை. லாரியின் டயரில் சதுர சென்டிமீட்டருக்கு ஏழெட்டுக் கிலோ அழுத்தம் இருக்கும். பெரிய எக்ஸ்கவேட்டரின் ஹைட்ராலிக் குழாயிலோ 300 கிலோவுக்கு மேலும் செல்லும். குழாயில் ஊசிமுனையளவு துளை விழுந்தால், கண்ணுக்குத் தெரியாத மெல்லிய பீச்சாக எண்ணெய் வெளிப்படும். அது தோலைத் துளைத்துச் சதைக்குள் புகுந்துவிடும். வெளியே சிறு புள்ளி மட்டுமே தெரியும்; தொடக்கத்தில் வலிகூட அதிகம் இராது. சில மணி நேரத்தில் வீக்கம் கண்டு, விரலையோ கையையோ இழக்கவும் நேரிடலாம். இவ்வாறு நேர்ந்தால் கைவைத்தியம் பார்த்துக்கொண்டிராமல், 108 வண்டியை அழைத்து அறுவைச் சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே கொண்டுசெல்ல வேண்டும். உயர் அழுத்தத்தில் எண்ணெய் தோலுக்குள் பாய்ந்தது என்பதை மருத்துவரிடம் தெளிவாகச் சொல்ல வேண்டும்.

கசிவைக் கண்டறிவதற்கு ஒரு முறை உண்டு. யந்திரத்தைச் சமதளத்தில் நிறுத்தி, பக்கெட்டையும் பிளேடையும் தரையில் ஊன்றி, எஞ்சினை அணைக்க வேண்டும். தூக்கி நிற்கும் கரத்தின் அடியில் எவரும் செல்லலாகாது. எஞ்சினை அணைத்த மாத்திரத்தில் அழுத்தம் நீங்கிவிடாது. அந்த யந்திரத்தின் கையேட்டில் கண்டபடி லீவர்களை அசைத்து எஞ்சிய அழுத்தத்தை இறக்கி, எண்ணெய் ஆறியபின் தொட்டியின் மூடியை மெதுவாகத் தளர்த்த வேண்டும்.

அடுத்து, சேற்றையும் பழைய எண்ணெய்ப் பிசுக்கையும் பனியன் வேஸ்டால் நன்றாகத் துடைத்து உலர்த்த வேண்டும். ஐயமான இடங்களில் முகத்துக்குப் பூசும் பவுடரைச் சிறிது தூவி, மூடியைப் பூட்டி, ஆபரேட்டரைக் கொண்டு யந்திரத்தைப் பத்து நிமிடம் இயக்கி நிறுத்தினால், ஈரம் எங்கே தோன்றுகிறது என்பது புலப்படும். எண்ணெய் கீழ்நோக்கி வழியும். ஆகவே சொட்டும் இடத்தைப் பாராமல், நனைந்திருக்கும் இடங்களுள் மிக உயர்ந்ததைப் பாருங்கள். பெரும்பாலும் அதுவே ஊற்றுக்கண். ஓடும்போது மட்டும் பீச்சும் நுண்துளையைக் காண, நீண்ட கழியின் நுனியில் அட்டையைக் கட்டி எட்ட நின்று காட்ட வேண்டும். அட்டையில் எண்ணெய்க் கறை விழும். கண்ணுக்குக் கண்ணாடி அணிந்துகொள்வது அவசியம்.

கசிவது எந்த எண்ணெய் என்பதையும் அறிய வேண்டும். ஒரு சொட்டை வெள்ளைத் தாளில் விட்டுப் பாருங்கள். கறுத்திருந்தால் எஞ்சின் எண்ணெயாக இருக்கலாம். டீசலை வாசனையே காட்டிக்கொடுக்கும். ஹைட்ராலிக் எண்ணெய் பொதுவாகத் தேன் நிறமாகத் தெளிந்திருக்கும். அது பால்போல் வெளுத்திருந்தால் நீர் கலந்துள்ளது என்று பொருள். வெளியே கசிவே இன்றித் தொட்டியில் நுரை பொங்கி, பம்பு கிறீச்சிட்டால், உறிஞ்சு குழாயின் இணைப்பு வழியே காற்று உட்புகுகிறது என்று கொள்ளலாம்.

இனி, பரிகாரத்திற்கு வருவோம். இணைப்பு தளர்ந்து கசிந்தால், அழுத்தத்தை இறக்கிய பின்னரே இறுக்க வேண்டும். ஒரு ஸ்பானரால் குழாயைப் பிடித்துக்கொண்டு மற்றொன்றால் நட்டைத் திருப்பினால் குழாய் முறுக்கிக்கொள்ளாது. இறுக்கியும் நிற்காவிட்டால் மேலும் மேலும் முறுக்கக் கூடாது. உள்ளிருக்கும் ஓ-ரிங் தேய்ந்திருக்கும். அதே அளவும் தரமும் உள்ள புதியதை, சுத்தமான எண்ணெய் தடவிப் பொருத்துவதே சரி. சணல் நூலையோ வெள்ளை டேப்பையோ சுற்றினால் அதன் துணுக்குகள் வால்வுக்குள் சென்று, சிறிய கசிவைப் பெரிய பழுதாக்கிவிடும்.

ஹோஸ் குழாயில் வெடிப்போ, உப்பலோ, கம்பி வெளித்தெரிவதோ காணப்பட்டால் அதை மாற்றியே தீர வேண்டும். சைக்கிள் டியூபைச் சுற்றிக் கம்பியால் கட்டுவது வீண். காலையில் சுற்றிய கட்டு நண்பகலில் வெடித்துத் தொட்டி எண்ணெய் முழுவதும் கண்மாய்க் கரையடியில் கொட்டக்கூடும். சூடான சைலன்சர்மீது அந்த எண்ணெய் தெறித்தால் தீப்பற்றும். கருவேல வேலையில் உலர்ந்த சுள்ளிகளும் இலைகளும் எஞ்சின் அறைக்குள் சேர்வதால் இவ்வாபத்து இரட்டிப்பாகிறது. அவற்றை அவ்வப்போது அகற்றுவதும், முட்கிளைகள் ஹோஸில் உரசாதபடி கிளிப்புகளைச் சரிபார்ப்பதும் கசிவு வருமுன் காக்கும் வழிகள்.

சிலிண்டர் தண்டின்மீது மெல்லிய எண்ணெய்ப் படலம் இருப்பது இயல்பே. சொட்டாக வழிந்தால் சீல் தேய்ந்திருக்கும் அல்லது தண்டில் கீறல் விழுந்திருக்கும். வெளிக்கசிவு சிறிதும் இல்லாமல் தூக்கிய பக்கெட் தானே இறங்கினால் பழுது உள்ளே இருக்கிறது. சிலிண்டர், பம்பு, வால்வு ஆகியவற்றைக் களத்துப் புழுதியில் பிரிக்கலாகாது. அது பயிற்சி பெற்ற மெக்கானிக்கின் வேலை. குறைந்த எண்ணெயை ஈடுசெய்யும்போதும் கையேடு கூறும் தரத்தையே, தூசி படியாத பாத்திரத்தால் ஊற்ற வேண்டும். கையில் கிடைத்ததைக் கலக்கக் கூடாது.

உறுப்பினர்களே! இறுதியாக உங்களிடம் ஒன்று கேட்கிறேன். சொட்டு விழுவதை ஆபரேட்டர் பல சமயங்களில் பார்த்தே இருக்கிறார். ஆனாலும் சொல்வதில்லை. ஏன்? யந்திரத்தை நிறுத்தினால், "வாடகை மணி ஓடுகிறதே, ஏனப்பா நிறுத்தினாய்?" என்று கரையில் நிற்கும் நாமே அதட்டுகிறோம். இந்த அச்சத்தை அகற்றுவது உங்கள் கையில் உள்ளது. தினமும் வேலை தொடங்குமுன் பத்து நிமிடம் சோதனைக்கு என்று உரிமையாளரிடம் முன்கூட்டியே பேசி, அதை வாடகைக் கணக்கில் சேர்ப்பதா விலக்குவதா என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். சொட்டு விழுந்தால் நிறுத்தும் அதிகாரத்தை ஆபரேட்டருக்குக் கொடுங்கள். எண்ணெய் ஊற்றுவதையும் பழுது பார்ப்பதையும் கண்மாய்க்கு வெளியே மேட்டில் வைத்துக்கொள்ளுங்கள். அடியில் வைக்க ஒரு தகரத் தட்டும், ஒரு மூட்டை மரத்தூளும் தயாராக இருக்கட்டும். எண்ணெய் சிந்திய மண்ணைத் தண்ணீரால் கழுவிவிடாமல் அள்ளித் தனியே வையுங்கள். பழைய எண்ணெயை வாய்க்காலில் ஊற்றுவதும் அடுப்பில் எரிப்பதும் தவறு. 2016-ஆம் ஆண்டின் அபாயக் கழிவு விதிகளின்படி அது அனுமதி பெற்ற மறுசுத்திகரிப்பாளரிடமே சேர வேண்டும்.

கண்மாயைக் காப்பதற்காகவே முள்மரத்தை அகற்றுகிறோம். அந்த வேலையாலேயே கண்மாய் மாசுபடுமாயின் நம் உழைப்பின் பயன் குன்றிவிடும். பத்து நிமிடம் பொறுப்போம். ஆபரேட்டரின் கையையும் நம் நீரையும் காப்போம்.