வணக்கம் பெற ஆள் வேண்டும்



வாள்வீச்சில் ஒரு விதி உண்டு. ஆட்டம் தொடங்கும் முன், முகக்கவசம் அணியாமல், வாளை உயர்த்தி மூன்று தரப்பினருக்கு வணக்கம் செலுத்த வேண்டும். எதிராளிக்கு, நடுவருக்கு, பார்வையாளருக்கு. ஆட்டம் முடிந்த பிறகும் அப்படியே. தோற்றவருக்கும் இதில் விலக்கு இல்லை.

ஆனால் தேசிய அளவிலான வாள்வீச்சுப் போட்டியில்கூட அந்த மூன்றாவது வணக்கத்தை வாங்கிக்கொள்ள யார் இருக்கிறார்கள்? பயிற்றுநர்கள், தங்கள் முறைக்காகக் காத்திருக்கும் வீரர்கள், சில பெற்றோர். மற்றவர்களைக் கேட்டால், "நமக்கு ஒன்றும் புரியாதே" என்பார்கள்.

புரிந்துகொள்வது அவ்வளவு கடினமா? சிலம்பத்தில் கம்பு பட்டால் புள்ளி என்பதை நம் பிள்ளைகளும் அறிவார்கள். இங்கே வாள் பட்டால் புள்ளி. ஆடுகளம் 14 மீட்டர் நீளம். அகலமோ 2 மீட்டருக்கு மேல் போகாது. ஃபாயில் வாளுக்கு உடற்பகுதி மட்டுமே இலக்கு. எப்பே வாளுக்கு உச்சி முதல் பாதம் வரை. சேபர் வாளுக்கு இடுப்புக்கு மேல், தலையும் கைகளும் சேர்த்து. வாள் பட்டதும் விளக்கு எரியும். இருவர் விளக்கும் சேர்ந்து எரிந்தால், எப்பேயில் இருவருக்கும் புள்ளி. மற்ற இரண்டிலும் தாக்கும் உரிமை யாருக்கு இருந்தது என்று நடுவர் சொல்வார். அவர் கைகளைக் கவனித்தாலே பாதி ஆட்டம் புரிந்துவிடும். நேரடி வெளியேற்றச் சுற்றில் முதலில் 15 புள்ளி எடுப்பவர் வெற்றியாளர்.

"இது பணக்காரர் விளையாட்டு" என்பது அடுத்த சமாதானம். சென்னையின் பவானி தேவி ஒரு கோயில் அர்ச்சகரின் மகள். 2004இல் பள்ளியில் இந்த விளையாட்டில் சேர்ந்தவர். தொடக்கத்தில் மூங்கில் குச்சிகளைக் கொண்டு பயிற்சி செய்தவர். ஒலிம்பிக் வாள்வீச்சில் களமிறங்கிய முதல் இந்தியர் அவர்தான்.

2021 ஜூலை 26 அன்று தோக்கியோவில் துனிசிய வீராங்கனையை 15-3 என வென்றார். அடுத்து பிரான்சின் மனோன் புரூனேவிடம் 7-15 எனத் தோற்றார். கொவிட் காரணமாக அன்று அரங்கில் ரசிகர்களே இல்லை. அந்த வரலாற்று வெற்றிக்குக் கைதட்ட இருக்கைகளில் ஆள் இல்லை! தோற்ற பிறகு அவர் செய்தது என்ன தெரியுமா? நாட்டு மக்களிடம் சமூக ஊடகத்தில் மன்னிப்புக் கேட்டார். 2023இல் அதே பவானி, ஆசிய வெற்றியாளர் போட்டியில் நடப்பு உலக வெற்றியாளரைத் தோற்கடித்து வெண்கலம் வென்றார்.

ஒரு விளையாட்டாளர் ஏன் மன்னிப்புக் கேட்க நேர்கிறது? ஆட்டத்தைப் பார்க்காதவர்களுக்குப் பதக்கம் மட்டுமே தெரியும். இருக்கையில் அமர்ந்து பார்த்தவருக்குத்தான் 3-10 என்று பின்தங்கிய பிள்ளை, அடுத்த புள்ளிக்காக மூச்சை அடக்கி முன்னேறும் துணிவு தெரியும்.

சிங்கப்பூரில் தேசியப் பள்ளி விளையாட்டுகளில் வாள்வீச்சும் இடம்பெறுகிறது. தோக்கியோ ஒலிம்பிக்கில் அமிதா பெர்தியரும் கிரியா திக்கானாவும் சிங்கப்பூருக்காக வாளேந்தினார்கள். அடுத்து வரப்போகிறவர்கள் இன்று நம் பிள்ளைகளோடு ஒரே வகுப்பில் இருக்கலாம்.

நேயர்களே, அடுத்த தேசியப் போட்டி நடக்கும் வார இறுதியில் ஒரு காலைப்பொழுதை ஒதுக்குங்கள். பிள்ளைகளையும் தாத்தா பாட்டியையும் அழைத்துச் செல்லுங்கள். தோற்ற வீரர் உங்களை நோக்கி வாளை உயர்த்தும்போது கைதட்டுங்கள். அந்த மரியாதை விதிப்படி உங்களுக்கு உரியது. அதைப் பெற்றுக்கொள்ள நீங்கள் அங்கே இருக்க வேண்டாமா?